சென்னிமலைப் படுக்கை விரிப்பு

சென்னிமலைப் படுக்கை விரிப்பு என்பது ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில் உள்ள சென்னிமலையிலும் அதன் சுற்று ஊர்களிலும் கைத்தறியில் நெய்யப்படும் பருத்தி விரிப்பாகும். பேச்சு வழக்கில் இது 'சென்னிமலை பெட்ஷீட்' எனப்படுகிறது. விரிக்கவும் போர்த்தவும் ஒன்றுபோல் பயன்படுவதால் 'சென்னிமலைப் போர்வை' என்றும் அழைக்கின்றனர். பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் ஆற்றுக்கு அருகில் இவ்வூர் அமைந்துள்ளது.

ஒரே அளவுள்ள இரண்டு விரிப்புகளில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கப்படுவது ஏன்? அந்தக் கூடுதல் விலை, படுப்பவருக்கு என்ன தருகிறது? இக்கேள்விகளுக்குச் சென்னிமலை, பவானி, திருப்பூர், கரூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கொங்கு வட்டாரத்தின் நெசவு வரலாறு தெளிவான விடை தருகிறது.

நொய்யல் கரையில் பருத்தி

இவ்வட்டாரத்தில் நூல் நூற்பது மிகப் பழைய தொழில். சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில், 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் பல கட்டங்களாக அகழாய்வு நடத்தின. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று குறிப்பிடப்படும் ஊர் இதுவே எனக் கருதப்படுகிறது. கல்மணிகள், இரும்பு உருக்கிய உலைகள் ஆகியவற்றோடு, நூல் நூற்கப் பயன்பட்ட சுடுமண் தக்களிகளும் இங்குக் கிடைத்துள்ளன.

கொங்கு நாட்டின் கரிசல் நிலங்களில் நெடுங்காலம் பயிரானவை கருங்கண்ணி, உப்பம் போன்ற நாட்டுப் பருத்தி வகைகள். இவற்றின் இழை குட்டையானது. குட்டையான இழையிலிருந்து மெல்லிய நூல் எடுப்பது கடினம். தடித்த, உறுதியான நூலே வரும். அத்தகைய நூலுக்கு ஏற்ற துணிகளுள் ஒன்று விரிப்பு. காவிரியும் பவானியும் கூடும் பவானியில் தடித்த வண்ண நூல்களால் நெய்யப்படும் ஜமுக்காளம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பவானி ஜமுக்காளம் 2005-06 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஜமுக்காளம் தரையில் விரிப்பது. படுக்கை விரிப்பு உடலில் படுவது. எனவே பின்னதற்கு மென்மையான நூல் தேவைப்பட்டது.

அந்த நூலை ஆலைகள் அளித்தன. 1888 ஆம் ஆண்டு இராபர்ட் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் நூற்பாலை தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி சென்னை மாகாணத்தில் அறிமுகமானது. நாட்டுப் பருத்தியைவிட இதன் இழை நீளமானது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் கோவை வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. இதே காலகட்டத்தில் தறியும் மாறியது. கையால் நாடாவை எறியும் முறை போய், கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் விசைநாடாத் தறி தமிழகத்தில் பரவியது. இதைப் பரப்ப முயன்றவர்களுள் சென்னை அரசின் தொழில்துறை அலுவலர் ஆல்பிரட் சாட்டர்டன் குறிப்பிடத்தக்கவர். நெசவாளரின் கை எட்டும் அகலத்தைவிட அகலமான துணியை ஒருவரே நெய்வது இதனால் எளிதாயிற்று.

கூட்டுறவுச் சங்கங்கள்

ஆலை நூலை நம்பிய நெசவாளர், நூல் விலை ஏறும்போதெல்லாம் கடனில் விழுந்தனர். நூல் கொடுத்துத் துணியாகத் திரும்பப் பெறும் வணிகரே கூலியையும் முடிவு செய்தார். இதற்கு மாற்றாகக் கூட்டுறவு இயக்கம் எழுந்தது. கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரில் அறியப்படும் தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1935 இல் தொடங்கப்பட்டது. தொடக்கச் சங்கங்கள் நூல் வாங்கி உறுப்பினருக்குக் கொடுக்கும். நெய்த துணியைக் கோ-ஆப்டெக்ஸ் வாங்கி விற்கும். சென்னிமலையில் இம்முறை வேரூன்றியது. அங்குள்ள சங்கங்களுள் 'சென்டெக்ஸ்' பரவலாக அறியப்பட்டது. அதன் வளர்ச்சிக்கு உழைத்த எம்.பி. நாச்சிமுத்து, பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

தீபாவளி, பொங்கல் காலங்களில் கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் அளிக்கப்பட்ட தள்ளுபடியும், அரசு ஊழியர்களுக்கான தவணை முறை விற்பனையும் சென்னிமலை விரிப்புகளைத் தமிழகம் முழுவதும் நடுத்தர வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தன. நூல், கூலி, சாயம், சங்கச் செலவு ஆகியவற்றைக் கூட்டி விலை போடப்பட்டது. ஆகவே சங்கத்து விரிப்பின் விலையில் விளம்பரத்தின் பங்கு சிறியதாகவும், நூலும் உழைப்பும் பெரியதாகவும் இருந்தன.

விரிப்பின் விலையில் அடங்குபவை

ஒரு பருத்தி விரிப்பின் தரத்தை நான்கு கூறுகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது பஞ்சின் இழை நீளம். நீளமான இழையில் நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் குறைவு. எனவே நூல் வழவழப்பாக இருக்கும்; துவைக்கும்போது துணியில் சிறு உருண்டைகள் திரளுவதும் குறையும். கோவையில் உருவாக்கப்பட்டு 1968 இல் வெளியிடப்பட்ட எம்.சி.யு.-5 நீண்ட இழை ரகம். 1974 இல் கோவையில் உருவான சுவின், மிக நீண்ட இழை கொண்டது. சுஜாதா என்ற ரகத்தையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் பருத்தியையும் கலந்து பிறந்ததால், இரு பெயர்களின் பகுதிகளையும் சேர்த்துச் சுவின் எனப் பெயரிட்டனர்.

இரண்டாவது நூலின் நம்பர். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள எத்தனை சிட்டங்கள் உள்ளனவோ, அதுவே அந்நூலின் நம்பர். எண் கூடக்கூட நூல் மெல்லியதாகும். 20-ஆம் நம்பர் நூலில் நெய்த விரிப்பு கனமாகவும் பல ஆண்டு உழைப்பதாகவும் இருக்கும். 60-ஆம் நம்பர் நூலில் நெய்தது மெல்லியதாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் விலை கூடும். இரண்டு நூல்களை முறுக்கிச் சேர்த்த இரட்டை நூலில் நெய்தால் உறுதி கூடும்.

மூன்றாவது நெசவு. பாவும் ஊடையும் ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகச் செல்லும் சாதா நெசவில் காற்று எளிதாகப் புகும். ஊடை பல பாவு நூல்களைத் தாண்டிச் செல்லும் சாட்டின் நெசவு பளபளப்பும் வழவழப்பும் தரும்; ஆனால் நெருக்கமாக நெய்யப்பட்டால் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆண்டின் பெரும்பகுதி புழுக்கமான தமிழகத்துக்குச் சாதா நெசவே பொருந்துகிறது.

நான்காவது சாயம். 1901 இல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட இண்டாந்திரீனைத் தொடர்ந்து, துவைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் எளிதில் மங்காத வாட் சாயங்கள் பரவின. இவை மலிவான நேரடிச் சாயங்களைவிட விலை கூடியவை.

கைத்தறியில் ஐந்தாவதாக உழைப்பும் சேரும். பாவு ஓடுதல், கஞ்சி போடுதல், அச்சு பிணைத்தல், தார் சுற்றுதல் ஆகியவற்றில் குடும்பம் முழுவதும் ஈடுபடுகிறது. தறியில் அமர்பவருக்கே கூலி எண்ணப்படுவதால், தார் சுற்றும் பெண்கள், முதியோர் ஆகியோரின் உழைப்பு விலைக்குள் முழுமையாக வருவதில்லை.

மலிவு விரிப்பின் வருகை

1960களுக்குப் பின் பல்லடம், சோமனூர், ஈரோடு பகுதிகளில் விசைத்தறிகள் பெருகின. ஒரு தொழிலாளி பல தறிகளைக் கவனிக்க முடிந்ததால் கூலிச் செலவு வெகுவாகக் குறைந்தது. விசைத்தறியில் நெய்த காடாத் துணியைச் சலவை செய்து, அச்சிட்டு விரிப்பாக விற்பது கைத்தறியில் வண்ண நூல் கொண்டு நெய்வதைவிட மலிவாக இருந்தது. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் இரண்டும் அருகருகே விற்கப்பட்டன.

கைத்தறியைக் காக்க நாடாளுமன்றம் 1985 இல் கைத்தறிக்கான இரக ஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. குறிப்பிட்ட வகைத் துணிகளை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்பது இதன் சாரம். ஆலை, விசைத்தறி உரிமையாளர்கள் தொடுத்த வழக்குகளால் சட்டம் சில ஆண்டுகள் முடங்கியது. 1993 இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தொடக்கத்தில் 22 ஆக இருந்த இரகங்கள் 1996 இல் 11 ஆகக் குறைக்கப்பட்டன. அந்தப் பதினொன்றில் படுக்கை விரிப்பும் ஜமுக்காளமும் இடம்பெற்றன. எனினும் வண்ண நூல் கொண்டு விசைத்தறியில் நெய்த விரிப்புகள் கைத்தறி என்ற பெயரில் சந்தைக்கு வருவது நிற்கவில்லை. இதைப் பிரித்தறிய வாங்குவோருக்கு உதவும் வகையில் 2006 இல் கைத்தறி முத்திரையும், 2015 ஆகஸ்ட் 7 அன்று சென்னையில் நடந்த முதல் தேசிய கைத்தறி நாள் விழாவில் 'இந்தியக் கைத்தறி' வணிகப் பெயரும் அறிமுகப்படுத்தப்பட்டன.

மலிவுக்கு வேறு இரண்டு வழிகளும் திறந்தன. ஒன்று, கழிவுப் பஞ்சு. நூற்பாலைகளின் கழிவுப் பஞ்சும் திருப்பூர் பனியன் நிறுவனங்களின் வெட்டுத் துணியும் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் ஓ.இ. ஆலைகளில் மீண்டும் நூலாக்கப்படுகின்றன. இந்நூல் படுக்கை விரிப்பு, துண்டு, மிதியடி ஆகியவற்றுக்குச் செல்கிறது. வீணாகும் துணி மீண்டும் பயன்படுவது சுற்றுச்சூழலுக்கு நல்லது. ஆனால் வெட்டியும் பிய்த்தும் எடுக்கப்பட்ட இழை குட்டையானது. ஆகவே அந்த விரிப்பு சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். விரைவில் நைந்தும் போகும்.

மற்றொன்று பாலியஸ்டர். வட இந்தியாவிலிருந்து வரும் அச்சிட்ட பாலியஸ்டர் விரிப்புகள் தொடுவதற்கு வழவழப்பானவை, சுருங்காதவை, விலை குறைந்தவை. ஆனால் பருத்திக்கும் இதற்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. வழக்கமான சோதனைச் சூழலில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தை ஏற்கிறது, பாலியஸ்டர் 0.4 விழுக்காடே ஏற்கிறது. கோடை இரவில் வியர்வை உடலிலேயே தங்கிப் பிசுபிசுப்பதற்கு இதுவே காரணம்.

சாயமும் நொய்யலும்

விரிப்பின் விலைச்சீட்டில் நெடுங்காலம் சேராத ஒரு செலவு, ஆறு. 1980களில் திருப்பூரின் ஏற்றுமதி வளர்ந்தபோது சாய, சலவைப் பட்டறைகளும் பெருகின. அவற்றின் கழிவு நொய்யலில் விடப்பட்டது. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992 இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. சுற்று ஊர்களின் கிணறுகள் உப்பேறின, பயிர் கருகியது. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர்.

2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையைப் பட்டறைகள் எட்ட வேண்டும் எனக் கெடு விதித்தது. உத்தரவு முழுமையாக நிறைவேறாததால், 2011 ஜனவரியில் விதிகளைப் பின்பற்றாத பட்டறைகளை மூட ஆணையிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அதன்பின் தொடங்கியவை சவ்வூடு வடிகட்டல், ஆவியாக்கல் முறைகளில் நீரைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. சாயக்கூலி உயர்ந்தது. ஈரோடு, பவானிப் பகுதிகளின் சாயப்பட்டறைக் கழிவு காவிரியிலும் காளிங்கராயன் வாய்க்காலிலும் கலந்ததும் இதே வரலாற்றின் மற்றொரு பகுதி.

இந்நிகழ்வுகள் மலிவு விலையின் பொருளை மாற்றின. வண்ண விரிப்பும் பனியனும் குறைந்த விலைக்குக் கிடைத்த ஆண்டுகளில் மீதி விலையை ஒரத்துப்பாளையத்து உழவர் கொடுத்துக்கொண்டிருந்தனர். கழிவைச் சுத்திகரித்துச் சாயமிட்ட துணி சற்று விலை கூடியிருந்தால், அந்தக் கூடுதல் விலை படுப்பவரின் சுகத்துக்கானது அன்று; ஆற்றுக்கானது.

இழை எண்ணிக்கையும் எகிப்தியப் பருத்தியும்

விலை ஏற்றத்துக்கு எப்போதும் இத்தகைய நியாயம் இருந்ததில்லை. கரூர் வீட்டு உபயோகத் துணிகளின் ஏற்றுமதி நகரமாக வளர்ந்தது. கொங்கு வட்டாரத்து விரிப்புகளும் தலையணை உறைகளும் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்குச் சென்றன. அக்கடைகளில் விரிப்பின் தரத்தை ஒற்றை எண்ணால் அளக்கும் பழக்கம் பரவியிருந்தது. ஒரு சதுர அங்குலத்தில் உள்ள பாவு, ஊடை நூல்களின் கூட்டுத்தொகையே இழை எண்ணிக்கை. அங்குலத்துக்குப் பாவு 120, ஊடை 80 என்றால் எண்ணிக்கை 200.

இந்த எண் ஓரளவு வரை உண்மையைச் சொல்கிறது. 100-க்கும் 200-க்கும் இடையே மென்மையில் வேறுபாடு தெரியும். ஆனால் ஓர் அங்குலத்தில் அடுக்கக்கூடிய நூலுக்கு எல்லை உண்டு. 800, 1000 என்ற எண்களைக் காட்ட, நான்கு மெல்லிய புரிகளை முறுக்கிய ஒரு நூலை நான்காக எண்ணும் முறை கையாளப்பட்டது. இவ்வாறு 250 எண்ணிக்கை கொண்ட விரிப்பு 1000 ஆகியது. முறுக்கு நூலை ஒன்றாகவே எண்ண வேண்டும் என்பது துணிச் சோதனைத் தரவிதி. புரிகளை எண்ணிக் கூட்டிய எண்ணிக்கை நுகர்வோரைத் தவறாக வழிநடத்தக்கூடும் என அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையத்தின் அலுவலர்கள் 2005 ஆகஸ்டில் கருத்துரைத்தனர்.

அடுத்த வெளிப்பாடு இந்தியாவோடு நேரடித் தொடர்புடையது. நைல் ஆற்றுப் படுகையில் விளையும் மிக நீண்ட இழைப் பருத்தியால் 'எகிப்தியப் பருத்தி' என்ற சொல் உயர்விலைக்கு மறுபெயரானது. 2016 ஆகஸ்டில், அமெரிக்கக் கடைத்தொடரான டார்கெட், குஜராத்தில் ஆலைகள் கொண்ட வெல்ஸ்பன் நிறுவனத்துடனான தொடர்பை முறித்துக்கொண்டது. 2014 ஆகஸ்டு முதல் 2016 ஜூலை வரை எகிப்தியப் பருத்தி என விற்கப்பட்ட சுமார் 7,50,000 விரிப்புகளிலும் தலையணை உறைகளிலும் வேறு பருத்தி இருந்ததே காரணம். வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும் எனவும் அறிவிக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் அவ்விரிப்புகளில் இலட்சக்கணக்கானோர் உறங்கினர். வேறுபாட்டைக் கண்டறிந்தது அவர்களின் தோல் அன்று, கடைத்தொடரின் விசாரணை. உயர்விலையின் ஒரு பகுதி பெயருக்கே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பஞ்சு மூட்டையிலிருந்து விரிப்பு வரை பின்தொடரும் சான்றளிப்பு முறைகள் இதன்பின் முக்கியத்துவம் பெற்றன. இந்தியப் பருத்திக்கு அத்தகைய அடையாளம் தர 2020 அக்டோபரில் 'கஸ்தூரி' என்ற பெயர் அறிவிக்கப்பட்டது.

விலைக்கேற்ற மதிப்பு

இவ்வரலாற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. கழிவுப் பஞ்சு விரிப்பிலிருந்து நல்ல சீப்பு நூல் விரிப்புக்கு மாறும்போது கொடுக்கும் கூடுதல் விலை, மென்மையாகவும் ஆயுளாகவும் திரும்பக் கிடைக்கிறது. உறுதியான சாயத்துக்குக் கொடுப்பதும் அவ்வாறே. இழை எண்ணிக்கை 200 முதல் 400 வரை உள்ள சாதா நெசவுப் பருத்தி விரிப்பு நம் தட்பவெப்பத்துக்குப் போதுமானது. அதற்கு மேல் ஏறும் விலையில் பெரும்பகுதி எண்ணுக்கும் பெயருக்கும் பெட்டிக்கும் உரியது.

கடையில் தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு செய்வதும் போதாது. மென்மையூட்டும் இரசாயனம் ஏற்றிய துணி கடையில் பட்டுப்போல இருக்கும். சில சலவைகளில் அது போய்விடும். கஞ்சி ஏற்றிய மெல்லிய துணி கனமாகத் தோன்றும். துணியின் ஒரு முனையைக் கைகளுக்கிடையே தேய்த்தால் மாவு உதிர்வது கஞ்சியைக் காட்டும். வெளிச்சத்தில் பிடித்தால் நெசவின் நெருக்கம் தெரியும். நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயத்தின் உறுதி புலப்படும். சென்னிமலை விரிப்பு புதிதில் சற்று விறைப்பாக இருக்கும். துவைக்கத் துவைக்க மென்மையாகும்.

வரி விதிப்பும் விலையில் ஒரு கோடு வரைந்துள்ளது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, 1,000 ரூபாய் வரையிலான ஆயத்தத் துணிப் பொருள்களுக்கு 5 விழுக்காடும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 12 விழுக்காடும் விதிக்கப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த எல்லை 2,500 ரூபாயானது. அதற்கு மேல் 18 விழுக்காடு. நூலும் கூலியும் கூடியதால் விலை ஏறிய விரிப்பையும், பெயரால் விலை ஏறிய விரிப்பையும் இந்தக் கோடு பிரித்துப் பார்ப்பதில்லை.

இன்றைய நிலை

2019-20 ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டின. அருகிலேயே பனியன் நிறுவனங்களும் பெருந்துறை சிப்காட் தொழிற்சாலைகளும் இருப்பதால், சென்னிமலையில் அடுத்த தலைமுறை தறியை விட்டு வெளியேறுவது எளிது. தறியில் அமர்வோர் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களாக உள்ளனர்.

கைத்தறி விரிப்பு, அதே நூலில் விசைத்தறியில் நெய்ததைவிட உறக்கத்தைப் பல மடங்கு கூட்டுவதில்லை. அதன் கூடுதல் விலையின் பெரும்பகுதி நெசவாளரின் கூலி. உயர்விலை விரிப்புகளுள் பணம் எங்கே போகிறது என்பதை வாங்குபவர் அறிந்து கொடுக்கக்கூடியவற்றுள் இதுவும் ஒன்று. அந்தக் கூலி, தறியில் ஒருவரைத் தொடர்ந்து அமர்த்தப் போதுமானதாக இருக்கும்வரையே சென்னிமலைப் படுக்கை விரிப்பு கைத்தறி விரிப்பாக நீடிக்கும்.